இனிப்பு நீர் உள்ளவர் நடக்கலாமா? எங்கள் நிலைப்பாடு

“அப்பாவுக்கு இனிப்பு நீர். பிரஷரும் இருக்கிறது. நடக்கவிட்டு நெஞ்சுவலி வந்துவிட்டால் யார் பதில் சொல்வது?” ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்தின் பழைய தோட்டப் பகுதிகளிலும் நீரிழிவாளர்களுக்குத் துணைநிற்கும் எங்கள் சங்கத்திடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். அதனால் எங்கள் பதிலை மறைக்காமல் சொல்கிறோம்.

நடக்க வேண்டும். இதயத்துக்கு ஆபத்து இருப்பதால்தான் நடக்க வேண்டும். நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் மாத்திரையைப் போலவே சிகிச்சையின் பகுதி. எவ்வளவு, எப்படி என்று மருந்தகத்தில் சொல்லித்தர வேண்டும். நடக்க இடம் தரும் பொறுப்பு ஊருக்கும் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதயத்தைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

நாம் இந்த நிலைக்கு வந்தது எப்படி? 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் கதை தொடங்குகிறது. அந்த மரங்களோடு நம் பாட்டன் பாட்டி நடந்த நடைக்குக் கணக்கில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, மறுபடி அதே நிரையில் போய் மங்குப் பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டா போட்டுச் சுமந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புக்குப் போயின. பிள்ளைகள் தாமான்களுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து பாதுகாவலராகவும் லாரி ஓட்டுநராகவும் தொழிற்சாலை ஊழியராகவும் ஆனார்கள். உழைப்பு கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் நடப்பதில்லை. தட்டில் சோறும் குறையவில்லை, தே தாரேயில் சீனியும் குறையவில்லை.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. நம் கதையில் பால் மரம் வெட்டியவர் நடத்துநர். அவர் பேரன் ஓட்டுநர்.

“அந்தக் காலத்திலேயே போதுமான அளவுக்கு உழைத்தாச்சு” என்று பெரியவர்கள் சொல்வது நியாயமான களைப்பு. ஆனால் உழைத்த உழைப்பு சேமநிதிப் பணம்போல உடம்பில் சேர்ந்து கிடப்பதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறோம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. அதோடு வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 2007-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் 251 நீரிழிவாளர்கள் பங்கேற்றார்கள். நடை போன்ற பயிற்சியையும் பளுப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே சர்க்கரை அதிகம் குறைந்தது. பளுவுக்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியும் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் போத்தலும் போதும். எங்கள் பயிற்சிக்கு வந்த முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவர், தாழ்ந்த வெட்டுக்கு நாள்தோறும் நூறு தடவை குனிந்து நிமிர்ந்தவர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்தார். இரண்டு மாதத்தில் ஒரே மூச்சில் எட்டுத் தடவை எழுந்தார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கி 5,145 நீரிழிவாளர்களிடம் நடந்த லுக் அஹெட் என்ற பெரிய ஆய்வு, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று பார்த்தது. குறைந்ததாக நிரூபிக்க முடியாமல் 2012-இல் அது நிறுத்தப்பட்டது. எடை, உடல் தெம்பு, மருந்தின் தேவை ஆகியவற்றில் நல்ல பலன் தெரிந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு வேறு விதமான விடை தந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் ஆறு ஆண்டு உணவையோ உடற்பயிற்சியையோ இரண்டையுமோ கவனித்தார்கள். 30 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களிடம் இதய, ரத்தநாள நோய்கள் 26 விழுக்காடு குறைவு. இரண்டையும் வைத்து நாங்கள் எடுக்கும் முடிவு இது: சீக்கிரம் தொடங்குங்கள். நடக்கிறோம் என்று கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். நடை மாத்திரைக்கு மாற்று என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

எச்சரிக்கை தேவைதான். நீரிழிவு நரம்பைப் பாதித்திருந்தால் மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ இழுப்பு, திடீர் அசதி தெரிந்தால் உடனே நிறுத்தி 999-ஐ அழையுங்கள். இத்தகைய அறிகுறி எதுவும் இல்லாதவர், மிதமான நடையைத் தொடங்க டிரெட்மில் சோதனை செய்தே ஆகவேண்டும் என்றில்லை. அதற்குக் காத்திருந்து ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதே பெரிய ஆபத்து. ஏற்கெனவே இதயநோய், கண்ணின் விழித்திரைப் பாதிப்பு, காலில் புண் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவரும் கிளிக்லாசைட் மாத்திரை எடுப்பவரும் நடப்பதற்குமுன் சர்க்கரையைப் பார்க்கட்டும். 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். பையில் மிட்டாய் இருக்கட்டும்.

கால் விஷயத்தில் நாங்கள் கண்டிப்பானவர்கள். ஒரு நாள் நடை முடிந்து ஒரு அம்மா காலணியைக் கழற்றினார். உள்ளே கச்சான் அளவு கல், காலுறையில் ரத்தம். அரை மணி நேரம் அதன் மேலேயே நடந்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலிப்பரில் நடக்காதீர்கள். தைப்பூசத்தில் கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கால் மரத்துப்போனவர் வெறுங்காலோடு மத்தியான வெயிலில் தார்ச்சாலையில் இறங்கக்கூடாது. விடியுமுன் நடந்து நேர்த்திக்கடனைச் செலுத்தலாம். ஆண்டில் 364 நாள் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் மூச்சடைக்கச் சுமப்பது இதயத்துக்கும் ஆகாது.

எங்கள் கோரிக்கைகள் சில. மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் “வாரத்தில் எத்தனை நிமிடம் நடந்தீர்கள்?” என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும். முடிந்தவரை தமிழில் கேட்க வேண்டும். ஈப்போவில் இருப்பவர்களுக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்காவும் போலோ திடலும் இருக்கின்றன. பழைய தோட்டத்துக்காரர்களுக்கு நாய் விரட்டும் இருட்டுச் சாலைதான் இருக்கிறது. நகராண்மைகள் அங்கே நடைபாதையும் விளக்கும் போடட்டும். கோயில் நிர்வாகங்கள் மழைக்காலத்தில் மண்டபத்தைத் திறந்துவிடட்டும். தமிழ்ப்பள்ளிகளின் திடல் பள்ளி முடிந்தபின் பூட்டியே கிடக்கிறது. மாலை 5 மணிக்கு அந்த வாசல் திறந்தால், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்றுநரையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் நாங்களே கொண்டுவருகிறோம்.