பேராசை என்று யார் சொன்னது?

நாளிதழில் ஆன்லைன் மோசடிச் செய்தி வராத நாளில்லை. ஊரும் தொழிலும் தொகையும் மாறும். படித்து முடித்ததும் நாம் சொல்லும் தீர்ப்பு மட்டும் மாறாது. “ஆசைப்பட்டா இப்படித்தான்”, “படிச்சவங்களுக்கே புத்தி இல்லையே”, “ஏமாறுறவன் இருக்கிற வரைக்கும் ஏமாத்துறவன் இருப்பான்.” டீக்கடை பெஞ்சில் தொடங்கி வங்கி மேலாளர் அறை வரை இதே பாட்டுதான். போன பணத்தைவிட இந்தப் பேச்சு ஏமாந்தவரை அதிகம் குத்துகிறது. இந்தத் தீர்ப்பு தவறு. மோசடிக்காரனுக்கு நாம் கூலி வாங்காமல் செய்துகொடுக்கும் வேலையும்கூட.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. 2012-ல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் படுத்தபோது கொங்கு மண்டலத்தில் பணம் போட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சீட்டுக் கம்பெனி, தேக்கு மரம், இரிடியம், மண்ணுளிப் பாம்பு என எல்லாமே ஒன்றைப் போட்டால் பத்தாகும் என்ற வகை. 2014-ல் வந்த ‘சதுரங்க வேட்டை’ இந்த வித்தைகளை வரிசையாகக் காட்டி, ஆசையைத் தூண்டாமல் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதை நம் மண்டையில் ஆணி அடித்து மாட்டிவிட்டது. நல்ல படம்தான். ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று போனில் வருகிறவன் பல நேரம் ஆசை காட்டுவதில்லை, பயம் காட்டுகிறான்.

2022 வாக்கில் தமிழ்நாட்டில் பலருடைய போனுக்கும் வந்த மின்வாரியச் செய்தியை நினைத்துப் பாருங்கள். சென்ற மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்று உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே ஒரு மொபைல் எண். அதில் பரிசு இல்லை, லாட்டரி இல்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால், “நீங்க கட்டின பணம் சிஸ்டத்துல ஏறல சார். ஒரு ஆப் சொல்றேன், இறக்கிக்கங்க. பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்க, சரியாயிடும்” என்பான். அவன் சொல்லும் ஆப் நம் போன் திரையை அவன் திரையில் காட்டுவது. பத்து ரூபாய்க்காக நாம் தட்டும் ஒவ்வொரு எண்ணும் அவன் கண்ணில் விழும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. “சென்ற மாத பில்” என்பதிலேயே பொய் தெரிந்துவிடும்தான். மறுநாள் பிள்ளைக்குப் பரீட்சை, மணி எட்டே முக்கால், வெளியே மழை என்றால் அதை யார் யோசிப்பார்? சரி, அந்தச் செய்தியைப் பார்த்ததும் பதறிப்போய் போன் செய்பவர் யார்? பில்லைத் தேதி தவறாமல் கட்டுகிறவர். பாக்கி வைத்தே பழகியவர், ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்துவிடுவார். நாம் பேராசைக்காரர் என்று திட்டுவது ஒழுங்காகப் பில் கட்டியவரை.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ இதைவிடக் கொடியது. உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் மிரட்டல், உங்கள் கணக்கில் ஹவாலா பணம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அழைப்பு தொடங்கும். பிறகு மும்பை போலீஸுக்கு ‘கனெக்ட்’ செய்வார்கள். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் சுவரில் சின்னம், இந்தியும் ஆங்கிலமும் கலந்த அதட்டல். கேமராவை அணைக்கக் கூடாது, பெற்ற பிள்ளையிடமும் சொல்லக் கூடாது, அறையை விட்டு நகரக் கூடாது. பணத்தை ‘அரசுக் கணக்குக்கு’ அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களாம். 2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் இதில் 7 கோடி ரூபாய் இழந்தார். வயது 82, பத்மபூஷண் பெற்றவர். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடித்துக் காட்டினார்கள். தலைமை நீதிபதி வேடம் போட ஒரு ஆள். அவ்வளவு பெரிய ஆலை அதிபருக்கு என்ன பேராசை? எதை இரட்டிப்பாக்கப் பார்த்தார்? நீதிமன்றம் கூப்பிட்டால் அடங்கி நிற்க வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு.

அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகளைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தின் பேரில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தாலேயே தன் முத்திரையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த முத்திரை போலி என்று 73 வயது அம்மா ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறோம்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். உண்மைதான். ஆனால் சட்டத்தில் இல்லாத எத்தனையோ காரியங்கள் காவல் நிலையத்தில் நடப்பதைக் கேள்விப்பட்டே வளர்ந்தவர்கள் நாம். போலீஸ் பெயரைக் கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கை நடுங்குவதை மூடத்தனம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். அந்த நடுக்கத்தை உண்டாக்கியது மோசடிக்காரன் அல்ல. அவன் வந்து அறுவடை செய்கிறான், அவ்வளவுதான்.

பங்குச்சந்தைக் குழுக்கள் என்ன, அதில் ஆசை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாட்ஸப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, போலி ஆப்பில் லாபக் கணக்கு காட்டி, கடைசியில் பணத்தை எடுக்க ‘வரி’ கேட்கும் அந்த மோசடியில் பெரும் தொகைகள் போகின்றன. ஆனால் சம்பளம் மட்டும் போதாது, பணம் பணத்தைச் சம்பாதிக்க வேண்டும் என்று காலை முதல் இரவு வரை காதில் ஓதியது யார்? கிரிக்கெட் ஓவருக்கு இடையில், நட்சத்திரங்களைக் கூட்டி வந்து, முறையான கம்பெனிகள் ஓதின. அந்த ஆசையைச் சட்டப்படி வளர்த்தால் அதற்கு முதலீட்டு விழிப்புணர்வு என்று பெயர். திருடன் கையில் சிக்கினால் பேராசை.

ஒரு கணக்கு பார்ப்போம். இணைய நிதி மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்தது 2023-ல் 7,465 கோடி ரூபாய், 2024-ல் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. ஜனவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் இந்தியர்களின் பேராசை மூன்று மடங்கு வளர்ந்துவிட்டதா, முட்டாள்தனம் மூன்று மடங்கு ஆகிவிட்டதா? வளர்ந்தது மோசடித் தொழில். மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் முள்வேலி போட்ட வளாகங்கள் நடக்கின்றன. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இந்த வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டு அடைபட்டிருக்கலாம் என்று 2023-ல் ஐநா மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய் மியாவாடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். எதிரில் இருப்பது ஷிப்ட் முறை, இலக்கு, எழுதிக்கொடுத்த வசனம் எல்லாம் உள்ள ஒரு தொழிற்சாலை. அதற்கு எதிராக நாம் நிறுத்தி வைத்திருப்பது, “உஷாரா இருங்க” என்ற அறிவுரை.

இந்த உஷார் விஷயத்தில் வங்கிகள் செய்யும் கூத்து தனி. யார் கேட்டாலும் விவரம் சொல்லாதீர்கள் என்று காலையில் எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு வங்கியிலிருந்து மாலையில் எனக்கு அழைப்பு வந்தது. சாதாரண பத்து இலக்க எண். “சார், வெரிஃபிகேஷனுக்கு உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க.” நீங்கள் யாரென்று முதலில் நிரூபியுங்கள் என்றேன். அந்தப் பெண் உண்மையிலேயே புண்பட்டார். விசாரித்தால் அழைப்பு அசல். சுருக்கிய லிங்க், கேஒய்சி அவசரம், இன்றே கடைசி நாள் என்று அசல் வங்கியே போலியின் பாஷையில் பேசினால், வித்தியாசம் கண்டுபிடிக்க நாம் என்ன தடயவியல் நிபுணர்களா? அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஓய்வூதியக்காரருக்கு அசல் எஸ்எம்எஸ்ஸும் புரியாது, போலி எஸ்எம்எஸ்ஸும் புரியாது. வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. இவ்வளவு எளிய காரியத்துக்கு இத்தனை ஆண்டுகள்.

விளம்பர அழைப்புத் தொல்லைக்கும் இதே நியாயம்தான். 1909-ல் பதிந்துகொள்ளுங்கள், வராது என்பார்கள். பதிந்தவர்களுக்கும் வருகிறது. ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில், மருந்துக்கடையில், “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிய எண் எங்கெல்லாம் போகிறது என்று கேட்க ஆளில்லை. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-ல் நுகர்வோர் விவகாரத் துறை சொன்னதைக் கவுன்ட்டரில் சொல்லிப் பாருங்கள், பின்னால் நிற்கும் வரிசையே உங்களை முறைக்கும்.

ஏமாந்தவர்தான் குற்றவாளி என்ற நம்பிக்கை வெறும் பேச்சோடு நிற்பதில்லை, விதியாகவே உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் தப்பு எதுவும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். வாடிக்கையாளரின் ‘அலட்சியம்’ என்றால் புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் அவர் தலையில். அந்த அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் அதிலேயே இருக்கிறது. நடைமுறையில், “ஓடிபி நீங்கதானே சொன்னீங்க?” என்ற ஒரே கேள்வியில் நிரூபணம் முடிந்துவிடுகிறது. டிஜிட்டல் அரெஸ்டில் மிரண்டுபோய்த் தானே ஆர்டிஜிஎஸ் அனுப்பியவருக்கு இந்தச் சுற்றறிக்கை கைகொடுப்பதும் இல்லை.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் ஆளுக்குப் பாதி. மிகப் பெரிய அலட்சியம் என்று வங்கி நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். திருடனுக்குக் கணக்கு திறந்துகொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு என்பது எவ்வளவு சாதாரண நியாயம்! சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில், அசல் செய்திகள் வரும் அதே வரிசையில் போலி எஸ்எம்எஸ் வந்து 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் கொடுத்தது. எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்பவே கூடாது என்று அடுத்த மாதம் வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. 2023 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் செய்தி ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரையோடுதான் போனில் விழுகிறது.

நம்மிடமே சான்று இருக்கிறது. பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டவரிடம், ராணுவ அதிகாரி என்று ஒருவன் பேசி, “பணம் அனுப்பறேன், பின் போட்டு வாங்கிக்கங்க” என்பான். அது பணம் கேட்கும் யுபிஐ கோரிக்கை. பின் போட்டால் பணம் போய்விடும். பணம் வாங்க பின் தேவையில்லை என்று வருடக்கணக்கில் பிரசாரம் செய்தார்கள், ஏமாந்தவர்களைத் திட்டினோம். 2025 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே தேசியக் கொடுப்பனவுக் கழகம் எடுத்துவிட்டது. ஒரு பொத்தானைத் தூக்கியதும் அந்த வழி அடைபட்டது. அதேபோல், இந்திய எண் போலக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு அமைப்பை இயக்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. அதற்கு முந்தைய நாள் வரை அந்த அழைப்புகளை எடுத்து ஏமாந்தவர்களை என்ன சொன்னோம்?

இந்தப் பேச்சினால் வரும் உடனடிக் கேடு ஒன்றும் இருக்கிறது. போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. கமிஷனுக்கு வாடகை விடப்பட்ட கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் கைமாறி, ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அதற்குள் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட்டால் வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஏமாந்தவர் அந்த முதல் சில மணி நேரத்தில் என்ன செய்கிறார்? மகனிடம் எப்படிச் சொல்வது, மருமகள் என்ன நினைப்பாள், கணவர் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவாரே என்று குமைகிறார். இரவு முழுக்க விழித்திருந்து மறுநாள் மத்தியானம் சொல்கிறார். அதற்குள் பணம் எல்லை தாண்டியிருக்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை மோசடிக்காரனுக்கு வாங்கிக்கொடுத்தது நம் கேலி.

எனவே அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி, “ஒரு போன் வந்துச்சுப்பா…” என்று ஆரம்பித்தால், ஏன் எடுத்தீங்க, ஏன் சொன்னீங்க என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து என்று மட்டும் கேட்டுவிட்டு 1930-ஐ அழுத்துங்கள். பிறகு வங்கிக்குப் போய், இந்தப் பணத்தை வாங்கிய கணக்கை யார் திறந்துகொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.