வேலைத்தலத்திலிருந்து: வெட்கத்தை விட்டுச் சொல்லுவோம்



எங்களுடன் பெல்ற்றில் வேலை செய்யும் தம்பியொருவரின் தாயாருக்குச் சென்ற மாதம் இடது கெண்டைக்கால் வீங்கி நொந்தது. அவர் கொழும்பிலிருந்து லண்டன் வந்து மூன்று கிழமைதான். "விமானத்தில் இருந்து வந்த களைப்பு, எண்ணெய் பூசினால் போகும்" என்றுதான் நாங்களும் சொன்னோம். நாள் முழுக்க நின்று கால் வீங்குபவர்கள்தானே நாங்கள். ஆனால் எங்களுக்கு இரண்டு காலும் வீங்கும். அவருக்கு ஒரு கால் மட்டும்.

ஆஸ்பத்திரியில் மகனே மொழிபெயர்த்தார். "அண்மையில் ஒப்பரேஷன் ஏதும் செய்தீர்களா?" என்று டொக்டர் கேட்டார். தாயார் "இல்லை" என்றார். இரண்டு மாதத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்ததை மகனிடம் எப்படிச் சொல்வது?

காலின் ஆழத்தில் உள்ள நாளத்தில் இரத்தம் கட்டிபட்டால் உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும். அப்போது உடைந்து வரும் துணுக்குக்குப் பெயர் டீ-டைமர். இரத்தப் பரிசோதனையில் அது கூடியிருந்தால் கட்டி இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. கிருமித்தொற்று, கர்ப்பம், முதுமை, ஒப்பரேஷன் எதனாலும் அது கூடும். கூடாமல் இருந்தால்தான் அதனால் பயன்: பெரும்பாலும் கட்டி இல்லை என்று நம்பலாம்.

ஆனால் அதற்கு முன் டொக்டர் காலைப் பார்த்து, எங்கள் பதில்களையும் கேட்டுப் புள்ளி போடுகிறார். 12 கிழமைக்குள் பெரிய ஒப்பரேஷனா? புற்றுநோயா? முன்பும் கட்டி வந்ததா? புள்ளி குறைந்தவருக்குத்தான் இந்தப் பரிசோதனையின் "இல்லை" போதும். கூடியவருக்கு முதலில் ஸ்கான். நாங்கள் ஒன்றை மறைத்தால் கணக்கே பிழைத்துவிடும்.

நல்ல வேளை, இரத்தம் எடுக்க வந்த தாதி தாயாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை எடுத்துக் கொடுத்தார். மகன் வெளியே போனார். தாயார் எல்லாம் சொன்னார். அன்றே ஸ்கான், கட்டி தெரிந்தது. இப்போது மருந்து எடுக்கிறார், நடக்கிறார். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

உறவுகளே, இங்கே ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளருக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்றைக்கே ஜீ.பீ.யிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 111க்கு எடுங்கள். திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 999. சிப்ற் போனால் போகட்டும், நாளைக்கும் உழைக்கலாம்.