நின்ற லாரிக்கு என்ன வாடகை?

ராமநாதபுரத்தில் நமது சிநேகிதர் ஒருவர் சமீபத்தில் வீடு மாற்றினார். லாரி காலை 7 மணிக்கே வாசலில் வந்து நின்றுவிட்டது. வீட்டிலோ அப்போதுதான் பீரோ சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். லாரி புறப்படும்போது மணி 11. சாமான்களை இறக்கிய பிறகு, பேசிய வாடகைக்கு மேல் டிரைவர் 500 ரூபாய் கேட்டார். "ஓடிய லாரிக்கு வாடகை உண்டு, நின்ற லாரிக்கு என்ன வாடகை?" என்று சிநேகிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபம் நியாயந்தானா என்று சற்று விசாரிக்கலாம்.

ரெயில்வேக்காரர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் எழுதி வைத்துவிட்டார்கள். 1914-இல் பாம்பன் ரெயில் பாலம் திறந்தது முதல், 1988 அக்டோபர் 2-ஆம் தேதி சாலைப் பாலம் திறக்கும் வரையில், லாரியில் வந்த சரக்கு மண்டபத்தோடு நிற்க வேண்டியதுதான். தீவுக்குப் போக ரெயிலோ படகோ வேண்டும். ரெயில் வாகனைக் குறித்த நேரத்துக்குள் ஏற்றி இறக்காமல் நிறுத்தி வைத்தால் 'டெமரேஜ்'. இறக்கிய சரக்கை எடுத்துப் போகாமல் ஸ்டேஷனிலேயே போட்டு வைத்தால் 'வார்பேஜ்'. 1989-ஆம் வருஷத்து ரெயில்வே சட்டத்தில் இவ்விரு வார்த்தைகளுக்கும் பொருளே எழுதியிருக்கிறது. அங்கே எந்த வியாபாரியும் கோபித்துக்கொண்டு பயனில்லை.

பாலம் வந்தது, லாரி தீவுக்குள்ளேயே ஓடிற்று. ரெயில்வேயின் விதி மட்டும் லாரியோடு பாலத்தைக் கடக்கவில்லை.

ராமேசுவரம் மீன் லாரியைப் பாருங்கள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புவது வழக்கம். காற்று பலமானால் மீன்வளத் துறையார் டோக்கன் கொடுக்க மாட்டார்கள், படகு போகாது. மீன் ஏற்ற வந்த லாரி கரையில் நிற்கும். டிரைவர் காத்திருந்ததற்குப் பணம் கேட்டால், "காற்று அடித்ததற்கு நானா பொறுப்பு?" என்பார் வியாபாரி. வாஸ்தவந்தான். ஆனால் காற்றுக்கு டிரைவரும் பொறுப்பல்லவே! லாரிக் கடனின் தவணையும், இன்ஷூரன்ஸும், மூன்று மாதத்துக்கொரு முறை கட்டும் வரியும், காற்றடிக்கிறதே என்று நிற்பதில்லை.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி விஷயம் இதைவிடச் சங்கடமானது. மூட்டை சுமப்பவர்களுக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும். அதில் ஆட்சேபணை இல்லை. யார் கொடுப்பது என்பதே தகராறு. பல இடங்களில் 'மாமூல்' என்று சொல்லி அதில் ஒரு பங்கை லாரிக்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள். வடநாட்டு லாரிக்காரர்கள் இதற்கெதிராக 'ஜிஸ்கா மால், உஸ்கா ஹமால்' என்று கோஷம் போட்டிருக்கிறார்கள். அதாவது, சரக்கு எவருடையதோ, சுமைகூலியும் அவருடைய பொறுப்பு. ஹிந்தி தெரியாதவர்களுக்கும் இதன் நியாயம் விளங்கும்.

நின்ற நேரத்துக்குப் பணம் வராவிட்டால் டிரைவர் அதை எங்கே ஈடுசெய்வார்? சாலையில்தான். அமெரிக்காவில் போக்குவரத்து இலாகாவின் தணிக்கையாளர்கள் 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் லாரிகள் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நாட்டில் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் காசில்லை, அதற்கு மேல்தான் கட்டணம் என்பது சாதாரண வழக்கம். ராத்திரியில் உச்சிப்புளிச் சாலையில் ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுகப் பறக்கும் மீன் லாரிக்கு ஒதுங்கி நின்றவர்களுக்கு, அந்த அறிக்கையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். சாலை வழியே சரக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கான 2007-ஆம் வருஷத்துச் சட்டம், சரக்குக்கு ரசீது தர வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. லாரி வந்த மணி, புறப்பட்ட மணி, இத்தனை மணி வரை இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, சுமைகூலி இன்னார் பொறுப்பு என்று அந்த ரசீதிலேயே எழுதி, முன்னதாகவே கையெழுத்து வாங்கிவிடலாம். சாமான் இறக்கியான பிறகு நடக்கும் பேரத்தில் இரு தரப்பாரும் களைத்திருப்பார்கள். நியாயம் பேசுகிற வேளையல்ல அது.

சிநேகிதரிடம் இவ்வளவையும் சொன்னோம். "டெமரேஜ் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே! மாமூல் என்றல்லவா கேட்டார்?" என்றார். கடைசியில் 300 ரூபாய் கொடுத்து அனுப்பினாராம். பீரோ சாவி இன்னும் அகப்படவில்லை.