சொல்லாமல் செய்யும் உதவி

எமது கிராமங்களில் குடும்ப வாழ்வு பற்றி நடைபெறும் செயலமர்வுகளில் ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகின்றது. கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேச வேண்டும், துன்பத்தில் இருப்பவருக்கு மற்றவர் ஆறுதல் கூற வேண்டும் என்பதே அது. வளவாளர் அதைப் பெரிய தாளில் எழுதுவார். வந்திருப்போர் தலையசைப்பர். தேநீருடன் அமர்வு நிறைவுபெறும். இவ்வறிவுரை பிழையென்று நான் கூற வரவில்லை. ஆனால் இது பாதி உண்மை மாத்திரமே என்பதை உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்பங்களின் நடுவே பணிபுரியும் நாம் மற்றப் பாதியையும் அறிந்துகொள்வது நல்லது.

2000ஆம் ஆண்டில் நைல் போல்கரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்குகொண்டவை 68 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒருவர் நியூயோர்க் மாநிலத்தில் சட்டத்தரணியாவதற்கான கடும் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பரீட்சை நெருங்கிய வாரங்களில் இருவரும் நாள்தோறும் தனித்தனியே குறிப்பெழுதினர். படிப்பவர், தமக்கு இன்று உதவி கிடைத்ததா, மனநிலை எவ்வாறுள்ளது என்று எழுதினார். துணைவர், தாம் இன்று உதவினாரா என்று எழுதினார். இரண்டையும் ஒப்பிட்டபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. உதவி கிடைத்ததாகப் படிப்பவர் உணர்ந்த நாட்களை அடுத்து அவரது மனச்சோர்வு குறையவில்லை, கூடவே செய்தது. துணைவர் உதவியிருந்தும் படிப்பவர் அதைக் கவனிக்காத நாட்களை அடுத்தே சோர்வு குறைந்தது.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. "உனக்கு நான் உதவுகிறேன்" என்ற சொல்லுக்குள் "உன்னால் தனியே முடியாது" என்ற இன்னொரு சொல்லும் ஒளிந்திருக்கின்றது. வள்ளம் வெறுமையாகத் திரும்பிய நாளில், "பரவாயில்லை, அண்ணாவிடம் கேட்டு நான் கடன் வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளைகள் முன்னிலையில் மனைவி கூறினால், அவள் நல்லெண்ணத்துடன்தான் கூறுகிறாள். அவனோ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். அதே நாளில் வழமைபோல் சோற்றைப் பரிமாறி, சத்தமிடும் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, கிழிந்த வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமரும் மனைவியும் உதவியே செய்கிறாள். அதை அவன் உதவி என்று எண்ணவேமாட்டான்.

ஹீஜுங் கிம், டேவிட் ஷேர்மன், ஷெலி டெய்லர் ஆகியோர் 2008இல் எழுதிய கட்டுரையொன்றும் எமக்குப் பயனுள்ளது. ஆசியப் பின்னணி கொண்ட அமெரிக்கர்கள் தம் துன்பத்தை வெளிப்படையாகக் கூறி உதவி கேட்கத் தயங்குகின்றனர். உறவினருக்குப் பாரமாகிவிடுவோம் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்கின்றனர் அவர்கள். துன்பத்தை எடுத்துரைக்காமல் வேண்டியவர்களின் அருகில் இருப்பதே இவர்களுக்குக் கூடுதலான ஆறுதலைத் தருகின்றதாம். அவ்வாய்வுகள் எம்மவரிடையே செய்யப்பட்டவையல்ல. ஆயினும், செத்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாமல் நெடுநேரம் அமர்ந்திருக்கும் எம் தாய்மாருக்கு இது புதினமாக இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காணப்படாத உதவி சிறந்தது என்பதை, பெண்ணின் உழைப்பு காணப்படாமலே இருக்கட்டும் என்று எவரும் திரித்துவிடக்கூடாது. விடியுமுன் கிணற்றடியில் தொடங்கும் அவளது வேலை ஏற்கெனவே எவர் கண்ணிலும் படுவதில்லை. கசிப்பும் அடியும் உள்ள வீட்டில் மௌனம் உதவியுமன்று, பொறுமையுமன்று. அங்கே வாய்திறந்து பேசத்தான் வேண்டும். அதைக் கேட்க ஓர் அருட்சகோதரியோ, உளவளத்துணையாளரோ, அயலவரோ இருக்கவும் வேண்டும்.

அப்படியாயின் மனம் விட்டுப் பேசுவதற்கு இடமே இல்லையா? உண்டு. துன்பச் செய்தியிலும் பார்க்க நற்செய்தியில் அதற்கு அதிக இடமுண்டு. ஷெலி கேபிளும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வுகள், துணைவர் கொண்டுவரும் நல்ல செய்திக்கு ஒருவர் எவ்வாறு பதிலளிக்கிறார் என்பதை ஆராய்ந்தன. பதில்கள் நான்கு வகைப்பட்டன: உற்சாகத்துடன் விசாரித்தல், அமைதியாக மகிழ்தல், குறை கண்டுபிடித்தல், கவனியாது விடுதல். நல்லுறவோடு இணைந்து காணப்பட்டது முதலாவது வகை மட்டுமே. நாம் மூன்றாவதில் கைதேர்ந்தவர்கள். மகள் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்து ஓடிவந்தால், "கணக்குக்கு ஏன் சி?" என்பதே அப்பாவின் முதல் வார்த்தை. மாதர் சங்கத்தில் பொருளாளராகத் தெரிவாகி வீட்டுக்கு வரும் மனைவிக்கு, "இனி வீட்டு வேலையை ஆர் பார்க்கிறது?" என்ற கேள்வி காத்திருக்கின்றது.

இவ்விடத்தில் எம்மைப் போன்ற நிறுவனங்களையும் நினையாதிருக்க முடியவில்லை. தையல் இயந்திரம் ஒன்றைக் கொடுப்பதற்கு மேடை, மாலை, பதாகை, புகைப்படம். மலைப்பொழிவில் தருமம் பற்றிக் கேட்டதை நாம் மறந்துவிட்டோம் போலும். அப்படத்தில் குனிந்த தலையுடன் நிற்கும் பெண்ணின் கணவர் அன்றிரவு வீட்டில் என்ன பேசியிருப்பார் என்பதை எந்த அறிக்கையிலும் நாம் எழுதுவதில்லை.

அடுத்த குடும்பச் செயலமர்வில் அறிவுரைக்கு ஒதுக்கும் அரை மணித்தியாலத்தை எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக, வந்திருக்கும் ஒவ்வொரு தம்பதியரிடமும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உங்கள் துணைவர் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்த நல்ல செய்தி என்ன? அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?