கேட்பவர் பக்கத்துக் கணக்கு

1977 ஆகஸ்ட் 20 அன்று புறப்பட்ட வாயேஜர் 2 விண்கலத்தில், அனுப்பும் தகவலோடு திருத்தக் குறிகளையும் சேர்த்துக் கோத்துவிடும் சிறு கருவி ஒன்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது கோத்ததைப் பிரித்துப் படிக்கும் கருவி அன்றைக்குப் பூமியில் தயாராக இல்லை. பூட்டை அனுப்பிவிட்டார்கள், சாவியைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். கலம் யுரேனஸை எட்டும்வரை அவர்களுக்கு எட்டரை ஆண்டு அவகாசம் இருந்தது.

ராக்கெட்டின் நெருப்பும் புகையும் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். கிளம்பிப் போன கலம் பேசுவதைக் கேட்க என்ன பாடுபட்டார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. வாயேஜரின் ஒலிபரப்பி சுமார் 23 வாட். வீட்டுக் குண்டு பல்பு அதைவிட அதிகம் எரிக்கும். அந்தக் குரல் கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது, வாங்கும் கருவியின் சொந்த இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே 0 என்று அனுப்பியது இங்கே 1 என்று விழும்.

முதலில் இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரிந்திருந்தது: மெதுவாகப் பேசுவது. 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்த மரைனர் 4, நொடிக்கு எட்டேகால் பிட்டுக்குச் சற்றே கூடிய வேகத்தில் படம் அனுப்பியது. 200க்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம். பசடேனாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்துப் பொறியாளர்கள் பொறுமையிழந்து, வந்த எண்களைக் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, வண்ணக்கோல் கொண்டு கையாலேயே தீட்டிப் பார்த்துவிட்டார்கள். இன்னொரு கோளின் அருகிலிருந்து நமக்குக் கிடைத்த முதல் படம் அப்படிக் கைவண்ணத்தில் வந்ததுதான்.

வேறு வழி உண்டு என்று கணிதவியலாளர் க்ளோட் ஷானன் 1948லேயே நிறுவியிருந்தார். எந்த இரைச்சலான பாதைக்கும் ஒரு வேக வரம்பு உண்டு; அதற்குள் இருந்தால், செய்தியோடு தக்க உபரியைச் சேர்த்துப் பிழையை வேண்டிய அளவுக்குக் குறைத்துவிடலாம். தக்க உபரி எது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடுத்த அரை நூற்றாண்டு அதைத் தேடுவதிலேயே போயிற்று. 1971இல் மரைனர் 9 ஒவ்வொரு 6 பிட்டையும் 32 பிட்டாக நீட்டி அனுப்பியது. அந்த 32இல் ஏழு கெட்டாலும் பூமியில் சரிசெய்துவிட முடிந்தது.

வாயேஜரில் இருந்த கருவியின் மூலம் இன்னும் பழையது. 1960இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் எழுதிய ஐந்தே பக்கக் கட்டுரை. அதன் சாரத்தைப் பள்ளிக் கணக்காகவே சொல்லலாம். ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். நான் ஐந்து புள்ளி அனுப்புகிறேன். நான்கு ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் விலகி நின்றால், வழியில் கெட்டது எது என்பதும், அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் என்னைக் கேட்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை, சாதாரண எண்களுக்குப் பதில் ஓர் எல்லைக்குள்ளேயே சுழன்று வரும் எண்கள், அவ்வளவுதான் மாற்றம். (ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதாக இருந்திருக்காது. செல்லரித்த இடத்தில் எந்த எழுத்து இருந்திருக்கும் என்பதை எதுகையும் சீரும் பல வேளைகளில் காட்டிக்கொடுத்திருக்கின்றன.)

கட்டுரை அழகுதான். ஆனால் அதில் சொன்ன முறைப்படி பிழை திருத்த வேண்டுமானால், புள்ளிகளை எத்தனை விதமாகச் சேர்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் சேர்த்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். எல்வின் பெர்லகாம்ப், ஜேம்ஸ் மாஸி இருவரும் அறுபதுகளின் கடைசியில் குறுக்கு வழி கண்டுபிடித்த பிறகே அது நடைமுறைக்குப் பக்கத்தில் வந்தது.

வியாழனிலும் சனியிலும் வாயேஜரின் தகவலுக்குக் காவலாக இருந்தது கோலே குறியீடு. 12 பிட் தகவலுக்கு 12 பிட் காவல்; பாதிக்குப் பாதி. யுரேனஸ் தொலைவில் அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. அங்கே ரீட்-சாலமன் குறியீட்டுக்கு மாறினார்கள். 223 பைட் தகவலுக்கு 32 பைட் காவல். அதில் 16 பைட் வரை நாசமானாலும் மீட்டுவிடலாம். இதற்கு மேல் ஆண்ட்ரூ விட்டர்பி 1967இல் தந்த வழியில் அவிழ்க்கப்படும் இன்னொரு குறியீடும் உண்டு. அது இரைச்சலை முதலில் வடிகட்டும். தவறும்போது தொடர்ச்சியாகக் கொத்துக் கொத்தாகத் தவறும். ரீட்-சாலமனோ பைட் பைட்டாகப் பார்ப்பதால் கொத்துப் பிழைக்கு அசராது. ஒன்றின் பலவீனம் மற்றதன் பலத்தில் போய் விழுகிறது. இப்படி இரண்டைக் கோத்துப் பார்க்கலாம் என்று டேவிட் ஃபோர்னி 1966இலேயே எழுதியிருந்தார்.

இந்தக் காவலை நம்பித்தான், பறந்துகொண்டிருந்த கலத்தின் கணினிக்குப் படத்தைச் சுருக்கி அனுப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். சுருக்கிய படத்தில் ஒரு பிட் பிசகினால் ஒரு வரியே பாழாகும். 1986 ஜனவரியில் யுரேனஸ் படங்கள் தெளிவாக வந்தன. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைக் கான்பெராவின் ஆன்டெனாவோடு இணைத்தும் கேட்டார்கள். 1989இல் நெப்டியூனுக்கு, நியூ மெக்சிகோவின் 27 ஆன்டெனாக்களும் சேர்ந்துகொண்டன. கலத்தில் கூடுதலாக ஒரு வாட்கூட ஏறவில்லை. உழைப்பின் பெரும்பங்கு கேட்கும் பக்கத்தில் நடந்தது.

பிழைதிருத்தக் குறியீட்டுத் துறைக்கும் விண்வெளிக்கும் ஏற்பட்ட உறவை, சொர்க்கத்தில் நிச்சயிக்கப்பட்ட திருமணம் என்று மாஸி பிற்பாடு தம் கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார். மிகையல்ல. அங்கே கட்டடம் இல்லை, மரம் இல்லை, எதிரொலி இல்லை. கணிதப் புத்தகத்தில் இருக்கிற அதே சீரான இரைச்சல்தான். காகிதத்தில் செல்லுபடியாவது அங்கே அப்படியே செல்லும்.

எல்லா யோசனைக்கும் இப்படி உடனே வரன் அமைந்துவிடவில்லை. ராபர்ட் காலகர் 1960இல் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய குறியீடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. அன்றைய கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை. 1993இல் க்ளோட் பெரூவும் கூட்டாளிகளும் ஷானன் வரம்பின் விளிம்பைத் தொடும் டர்போ குறியீட்டை அறிவித்தபோது, பலர் கணக்கில் தப்பு இருக்கும் என்றே நினைத்தார்கள். அது மெய்யானதும், தூசி தட்டி எடுத்தவற்றில் காலகருடையதும் ஒன்று. இன்று 5ஜி கைபேசியில் தரவைக் காப்பது அந்தக் குடும்பம்தான். டீக்கடைக் கல்லாவில் ஒட்டி, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்தும் வேலை செய்கிற கியூஆர் அட்டையில் இருப்பது ரீட்-சாலமன். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் மூன்றாண்டில் என்ன பலன் என்று படிவத்தில் கேட்பவர்கள், 1960இல் இந்த இரண்டு பேப்பரையும் எந்தக் கட்டத்தில் நிரப்பியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

2023 நவம்பரில், வாயேஜர் 2இன் இரட்டைக் கலமான வாயேஜர் 1 உளறத் தொடங்கியது. சமிக்ஞை வந்தது, அதில் பொருள் இல்லை. இந்தத் தடவை பழி வழியிலிருந்த இரைச்சல்மேல் இல்லை. கலத்துக்குள்ளேயே தரவைக் கோக்கும் கணினியின் நினைவகத்தில் ஒரு சில்லு செத்துப்போயிருந்தது. எந்தக் காவலும், அனுப்பியதை அனுப்பியபடி சேர்க்குமே தவிர, உளறலை வாக்கியமாக்கித் தராது. 2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள். பதிலாக வந்தது வழக்கமான வடிவத்தில் இல்லை. ஆழ்விண்வெளி வலையமைப்பின் பொறியாளர் ஒருவர் அதைத் தள்ளிவிடாமல் உட்கார்ந்து அவிழ்த்தார். உள்ளே அந்தக் கணினியின் முழு நினைவகமும் வரிக்கு வரி இருந்தது. கெட்ட இடம் தெரிந்துவிட்டது. நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு மூலைகளில் இடம் பிடித்துக் கொடுத்து, ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். போக இருபத்திரண்டரை மணி நேரம், வர இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20 அன்று பதில் வந்தது.