அவிழ்த்துவிட்ட நாய்க்கு யார் பொறுப்பு?

கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடுமாறு சுப்ரீம் கோர்ட் 2025 ஆகஸ்ட் 22-ல் உத்தரவிட்டது. அந்த உத்தரவில் வெறிநாய்களுக்கும் மூர்க்க நாய்களுக்கும் மட்டுமே விலக்கு இருந்தது. ஆகவே, பெங்களூர்த் தெருக்களில் வளர்ப்பு நாயுடன் உலாவச் செல்வோர் தெருநாய்களைச் சந்தித்தே தீரவேண்டும்.

தெருநாய் தன் எல்லையைக் காக்கவே பெரும்பாலும் குரைக்கிறது. அப்போது ஓடுவதும், கல்லெறிவதும், கயிற்றை வெடுக்கென்று இழுப்பதும் சண்டையையே மூட்டும். நிதானமாகத் தெருவின் மறுபுறம் விலகிச் செல்வதே நன்று.

ஆனால், தம் நாயை அவிழ்த்துவிட்டு, "ஒன்றும் செய்யாது" என்று சிரிப்பவர்களை என்ன சொல்வது? அது பாய்ந்து வந்தால், கயிற்றில் கட்டுண்ட நாய்க்கு ஓட வழியில்லை, கடிக்கத்தான் செய்யும். விலக்கப் போனவர் கையும் தப்பாது.

பிராணியை வைத்திருப்பவர் அதனால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டம் இருக்கிறது, அண்டை வீட்டார்மீது புகார் கொடுக்கத்தான் தயக்கம்.

தெருநாய்க்கு எஜமானர் இல்லை. வளர்ப்பு நாய்க்கு இருக்கிறார். அதிகாரிகள் முதலில் அவரிடம் கண்டிப்புக் காட்டவேண்டும்.