தீவன மூட்டையில் லைசின் அளவையும் அச்சிடுங்கள்

நெய்வேலி நகரியம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் பன்றித் தீவனத்துக்குப் பஞ்சமில்லை. வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளம், விருத்தாசலம் வட்டாரத்தில் நிலக்கடலை, ஆலைகளில் தவிடு, உணவகங்களில் மிச்சச் சோறு. இவற்றால் பன்றியின் வயிறு நிறையும். லைசின் என்னும் அமினோ அமிலத்தின் தேவை நிறையாது.

100 கிராம் மக்காச்சோளத்தில் லைசின் சுமார் கால் கிராம்தான். கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம், லைசின் குறைவு. 25 கிலோ எடையைத் தாண்டி வேகமாக வளரும் பன்றிக்கோ தீவனத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் வேண்டும். லைசின் குறைந்தால், தின்ற மற்றப் புரதமும் சதையாகாமல் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

மெதுவாக வளரும் நாட்டுப் பன்றிக்குத் தேவை குறைவு. கலப்பினத்தின் கதை வேறு. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கேபிஎம் கோல்டு’ பன்றியில் 75 சதவீதம் பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் ரத்தம். அதற்குத் தவிடும் சோறும் மட்டும் போட்டுவிட்டு, வளரவில்லை என்று இனத்தைக் குறை சொல்வது நியாயமல்ல.

லைசினைத் தனியாகச் சேர்க்கும் தீர்வு எட்டாத விலையில் இல்லை. ஜப்பானியர் 1950களில் கண்டறிந்த நுண்ணுயிர் நொதித்தல் முறையில்தான் இன்றும் லைசின் தயாராகிறது. ஒரு டன் தீவனத்தில் ஒன்றரைக் கிலோ லைசினும் 48.5 கிலோ மக்காச்சோளமும் சேர்த்தால் 50 கிலோ சோயாப் புண்ணாக்கைக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் திரியோனின், மெத்தியோனின் என்னும் மற்ற அமினோ அமிலங்களையும் கவனிக்க வேண்டும்.

மிச்ச உணவைக் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். 2020இல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அதன் வழியாகவும் பரவும். கால்நடைத் துறை தன் பயிற்சிகளில் லைசின் கணக்கைக் கற்பிக்கட்டும். மூட்டைகளில் புரத அளவுக்குப் பக்கத்திலேயே லைசின் அளவையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்கட்டும்.